கடலோரக் கிணற்றில் எவ்வளவு உப்பு? கடலூர், புதுச்சேரி மாணவர்களுக்கு ஓர் அறிவியல் ஆய்வும் அதற்கான காகிதங்களும்

அறிவியல் கண்காட்சி என்றதும் பிள்ளைகள் தெர்மாகோல் கடைக்கு ஓடுகிறார்கள். முதலில் போக வேண்டியது தலைமையாசிரியர் அறைக்கு. ஆராய்ச்சிப் போட்டிகளில், முதல் பாட்டிலில் தண்ணீர் பிடித்த தேதிக்குப் பிந்தைய தேதியில் பெற்றோர் கையெழுத்து இருந்தால் அந்த ஒரு வரிக்காகவே ஆய்வு தள்ளுபடியாகலாம். ஆறு மாத உழைப்பும் அதோடு போய்விடும். காகித வேலை கடைசி வாரத்தில் அவசரமாக முடிக்கும் சடங்கு என்று நினைப்பதால் வரும் வினை இது. அனுமதி முன்னால், குறிப்பேடு கூடவே, அறிக்கை பின்னால் என்ற வரிசையை மட்டும் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் ஒழுங்காக அமையும்.

இங்கே ஒரே ஓர் ஆய்வை எடுத்துக்கொண்டு, கேள்வி பிறப்பது முதல் கோப்பு மூடுவது வரை எழுதுகிறோம். நம் ஊரில் எல்லா வீட்டிலும் பேசப்படும் விஷயம்தான்: தண்ணீர் ஏன் கரிக்கிறது. 9 முதல் 12ஆம் வகுப்பு வரை உள்ளவர்கள் பள்ளி வேதியியல் ஆய்வகத்திலேயே செய்து முடிக்கலாம்.

எந்தப் போட்டிக்கு?

முதலில் இதைத் தீர்மானியுங்கள். ஒரே ஆய்வை எல்லாப் போட்டிக்கும் அனுப்பலாம் என்று நினைத்தால் எதிலும் நிற்காது.

இன்ஸ்பயர் விருது (மானக்) கேட்பது புதிய யோசனை. கருவியாகவோ மாதிரியாகவோ செய்து காட்டக்கூடியதாக அது இருக்க வேண்டும். மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையும் தேசியப் புத்தாக்க நிறுவனமும் சேர்ந்து நடத்துகின்றன. பள்ளிதான் இணையத்தில் பதிவு செய்ய முடியும், தேர்வானால் ரூ.10,000 மாணவரின் வங்கிக் கணக்குக்கே நேராக வரும். கிணற்றுத் தண்ணீர்க் கணக்கெடுப்பு இதற்குப் பொருந்தாது. அதிலிருந்து பிறக்கும் ஒரு மலிவான உப்பு காட்டும் கருவி என்றால் பொருந்தும்.

மாவட்ட அறிவியல் கண்காட்சி, அதற்கு மேல் மாநிலம், தென்னிந்திய அறிவியல் கண்காட்சி என்று போகும் பாதையில் பார்வையாளர் கண்ணுக்குப் புலப்படும் காட்சிப்பொருள் முக்கியம். கடலூரில் முதன்மைக் கல்வி அலுவலர் அலுவலகம் வழியாகவும், புதுச்சேரியில் பள்ளிக் கல்வி இயக்ககம் வழியாகவும் சுற்றறிக்கை வரும். தலைப்புகள் ஆண்டுதோறும் மாறும் என்பதால் போன ஆண்டு அண்ணன் வாங்கிய தாளைப் பார்த்து எழுதாதீர்கள்.

தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு 1993 முதல் நடக்கிறது. வயது 10 முதல் 17. தமிழ்நாட்டில் தமிழ்நாடு அறிவியல் இயக்கமும், புதுவையில் புதுவை அறிவியல் இயக்கமும் இதில் நீண்டகாலமாக உழைத்து வருகின்றன. உள்ளூர்ப் பிரச்சினையைக் களத்தில் இறங்கி அளந்து பார்ப்பதே இதன் உயிர். நம் ஆய்வுக்கு மிகப் பொருத்தமான இடம் இதுதான்.

ஐரிஸ் தேசியக் கண்காட்சி வழியாக அமெரிக்காவில் நடக்கும் ஐசெஃப் என்ற பன்னாட்டு அறிவியல் கண்காட்சி வரை போக ஆசைப்படுபவர்களுக்குக் காகிதம்தான் பாதி வேலை. அதன் விதிகள் எல்லாவற்றிலும் கடுமையானவை. ஆகவே ஐரிஸுக்குப் போகாதவர்களும் அந்தக் கோப்பு முறையையே பின்பற்றுவது நல்லது. அப்படிக் கட்டிய கோப்பைக் கொண்டு வேறு எந்தப் போட்டியின் படிவத்தையும் நிரப்பிவிடலாம்.

கேள்வியைச் சுருக்குவது

"கடலூரில் நிலத்தடி நீர் மாசு" என்பது தலைப்பே அல்ல. ஒரு மாணவர் இரண்டு கையால் அளக்கக்கூடியதாகக் கேள்வி சுருங்க வேண்டும். இப்படி: "தேவனாம்பட்டினத்திலிருந்து செம்மண்டலம் வரையுள்ள 15 கிணறுகளில், உப்பு நீரிலிருந்து தள்ளிப் போகப் போகக் குளோரைடு அளவு குறைகிறதா?"

குளோரைடு என்பது உப்பின் ஒரு கூறு, அதை அளந்தால் கரிப்பு எவ்வளவு என்று தெரியும். "உப்பு நீரிலிருந்து" என்று எழுதியிருக்கிறோம், "கடலிலிருந்து" என்று எழுதவில்லை. இந்த ஆய்வில் பிள்ளைகள் அதிகம் சறுக்கும் இடம் இது. கடலூரில் உப்பனாறு கரைக்கு இணையாகவே ஓடுகிறது. கெடில ஆற்றின் முகத்துவாரத்திலும் ஓதம் (கடல் நீர்மட்டம்) ஏறும்போது கடல்நீர் உள்ளே வருகிறது. வரைபடத்தில் கடலிலிருந்து இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் கிணறு, உப்பங்கழியிலிருந்து இருநூறு மீட்டரில் இருக்கலாம். கடற்கரையிலிருந்து மட்டும் தூரத்தை அளந்தால் வரைகோட்டில் புள்ளிகள் சிதறிக் கிடக்கும், காரணமும் புரியாது. ஓதம் ஏறும் நீர்நிலைகளில் எது பக்கத்தில் இருக்கிறதோ, அதிலிருந்து அளந்த தூரத்தைத் தனிப் பத்தியாகக் குறித்துக்கொள்ளுங்கள். புதுச்சேரியில் வைத்திக்குப்பம், முத்தியால்பேட்டை, லாஸ்பேட்டை என்று மேற்கே போகும் வரிசையை எடுக்கலாம். தெற்கே அரியாங்குப்பம் பக்கம் போனால் அங்கும் ஆற்றின் ஓதத்தைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

இரண்டாவது சிக்கல் ஆழம். கடற்கரை மணலில் கையால் தோண்டிய ஊற்றில் நல்ல தண்ணீர் கிடைப்பதை மீனவர் குடியிருப்புகளில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். மழைநீர் மணலில் இறங்கி, எடை கூடிய கடல்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. நன்னீரின் அடர்த்தி 1.000, கடல்நீரின் அடர்த்தி 1.025 என்று வைத்துக்கொண்டால், கடல் மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் நன்னீர் நின்றால் கீழே சுமார் 40 மீட்டர் வரை நன்னீர் இருக்கும். மேலே உள்ள மட்டம் அரை மீட்டர் இறங்கினால் கீழே உப்பு இருபது மீட்டர் ஏறும். 5 மீட்டர் ஊற்றையும் 60 மீட்டர் போரையும் ஒரே வரைகோட்டில் போட்டால் அர்த்தமே இல்லை. ஒரே ஆழ வகையைத் தேர்ந்தெடுங்கள்: கைபம்புகளும் திறந்த கிணறுகளும் மட்டும், அல்லது போர் மட்டும்.

தொடங்கும் முன் கையெழுத்தாக வேண்டியவை

ஐசெஃப் முறைப்படி இந்த ஆய்வுக்கு வேண்டிய படிவங்கள் நான்கு. படிவம் 1 வழிகாட்டி ஆசிரியருக்கான சரிபார்ப்புப் பட்டியல். படிவம் 1ஏ மாணவரின் விவரமும் ஆய்வுத் திட்டமும். படிவம் 1பி மாணவர், பெற்றோர் ஒப்புதல். படிவம் 3 அபாய மதிப்பீடு. சில்வர் நைட்ரேட்டும் பொட்டாசியம் குரோமேட்டும் கையாளுவதால் இது வேண்டும். அண்ணாமலைப் பல்கலைக்கழகம் போன்ற ஆய்வு நிறுவனத்தின் கருவியைப் பயன்படுத்தினால் படிவம் 1சி கூடச் சேரும். அதை அந்த நிறுவனத்தில் உங்களை மேற்பார்த்தவர் வேலை முடிந்த பிறகு நிரப்புவார். பின்தேதி வரக்கூடிய படிவம் அது.

ஆய்வுத் திட்டத்தில் இருக்க வேண்டியவை: ஏன் இந்த ஆய்வு, கேள்வியும் கருதுகோளும், செய்முறை, அபாயமும் பாதுகாப்பும், தரவை எப்படி அலசுவீர்கள், படித்த நூல்கள் குறைந்தது 5. செய்முறையை "தண்ணீர் சேகரித்துச் சோதிப்போம்" என்று ஒரு வரியில் முடிக்காதீர்கள். எத்தனை கிணறு, எத்தனை மில்லி, எத்தனை முறை என்று எண்ணோடு எழுதுங்கள். நடுவில் திட்டம் மாறினால் பழையதை அழிக்காமல், மாற்றத்தைத் தேதியோடு பின்னிணைப்பாகச் சேர்க்க வேண்டும்.

இரண்டு ஆசைகளை இந்த இடத்திலேயே அடக்க வேண்டும். ஒன்று, "வீடு வீடாகப் போய்த் தண்ணீர் கரிக்கிறதா என்று கேட்கலாமே" என்பது. கேள்வித்தாளோடு மனிதர்களிடம் போனாலே அது மனிதப் பங்கேற்பாளர் ஆய்வாகிவிடும். படிவம் 4 வேண்டும். ஓர் ஆசிரியர், ஒரு பள்ளி நிர்வாகி, ஒரு மருத்துவர் அல்லது மனநலத் துறையினர் அடங்கிய குழு முன்கூட்டியே ஒப்புதல் தர வேண்டும். உங்கள் வழிகாட்டி அந்தக் குழுவில் உட்காரக் கூடாது. யாரையும் சுவைத்துப் பார்க்கச் சொல்வது அறவே வேண்டாம். இன்னொன்று, தண்ணீரில் கிருமி வளர்த்துப் பார்க்கும் ஆசை. வீட்டில் கிருமி வளர்ப்பதற்கு அனுமதியே இல்லை. கேள்வி உப்பைப் பற்றியது என்றால் உப்போடு நில்லுங்கள்.

கிணற்றுச் சொந்தக்காரரிடம் அரைப்பக்கக் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள்: தண்ணீர் எடுக்கச் சம்மதம், பெயரும் கதவு எண்ணும் வெளியிடப்பட மாட்டாது, கையெழுத்து, தேதி. பள்ளி முத்திரையோடு தலைமையாசிரியரின் அறிமுகக் கடிதம் கையில் இருந்தால் கதவு எளிதாகத் திறக்கும். முடிவை அவர்களுக்கும் எழுதிக் கொடுப்பதாகச் சொல்லி, சொன்னபடி கொடுங்கள். அவர்கள் குடிக்கிற தண்ணீர் அது.

தண்ணீர் பிடிப்பது

அரை லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில், கிணற்றுக்கு ஒன்று. சர்பத் பாட்டில், ஊறுகாய் பாட்டில் வேண்டாம். ஊறுகாயின் உப்பு மூடி இடுக்கில் ஒளிந்திருக்கும். ஒரு கல் உப்பு போதும் கணக்கைக் கெடுக்க. அதே கிணற்றுத் தண்ணீரால் மூன்று முறை அலசிவிட்டுப் பிடியுங்கள்.

கைபம்பை ஐந்து நிமிடம் அடித்துவிட்டுப் பிடிக்க வேண்டும். போர் மோட்டாரைப் பத்து நிமிடம் ஓட விட வேண்டும். குழாயில் இரவெல்லாம் நின்ற தண்ணீர் பூமிக்குள் இருக்கும் தண்ணீரின் நிலையைச் சொல்லாது. மேல்நிலைத் தொட்டியிலிருந்து வரும் குழாயில் பிடிக்கவே கூடாது. திறந்த கிணற்றில் வாளியை மேலாக முகராமல், முழுக்க இறக்கித் தூக்குங்கள். மழைக்குப் பிறகு மேலே நன்னீர் மிதக்கும். குளோரைடுக்காக மட்டும் என்றால் பதப்படுத்த எதுவும் சேர்க்க வேண்டாம். மூடி இறுக்கமாக இருந்தால் நான்கு வாரம் வரை தாங்கும்.

பாட்டிலின் மேல் கி-01, கி-02 என்ற குறியீடு மட்டும் போதும். மூடியில் எழுதாதீர்கள், மூடிகள் மாறிப் போகும். குறிப்பேட்டில் தேதி, நேரம், கிணற்றின் வகை, ஆழம், செல்பேசியில் காட்டும் அட்சரேகை தீர்க்கரேகை ஐந்து தசம இடம் வரை. ஆழத்துக்குச் சணல் கயிற்றில் ஒரு நட்டைக் கட்டி இறக்கி, பெரியவர் ஒருவர் அருகில் இருக்க அளக்க வேண்டும். கைப்பிடிச் சுவர் இல்லாத கிணற்றின் பக்கமே போக வேண்டாம். பட்டியலில் அதற்குப் பதில் வேறொன்றைச் சேருங்கள்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை நீளும். செப்டம்பரில் ஒரு சுற்று, ஜனவரியில் அதே 15 கிணற்றில் இன்னொரு சுற்று எடுத்தால் ஆய்வின் மதிப்பு இரட்டிப்பாகும். ஐசெஃப் விதிப்படி தொடர்ச்சியான ஆய்வுக்காலம் 12 மாதத்துக்குள் இருக்க வேண்டும். இது அதற்குள் அடங்கிவிடும்.

டி.டி.எஸ். பேனா

தண்ணீரில் கரைந்த உப்புகளின் அளவு என்று ஓர் எண் காட்டும் சிறு கருவி இது. இதை வைத்தே ஆய்வை முடித்துவிடப் பலர் பார்க்கிறார்கள். பேனா உப்பை அளக்கவில்லை. மின் கடத்துதிறனை அளந்து, உள்ளே வைத்திருக்கும் ஓர் எண்ணால் பெருக்கிக் காட்டுகிறது. சில பேனாவில் அந்த எண் 0.5, சிலவற்றில் 0.7. இரண்டு பேர் இரண்டு பேனாவால் அளந்து ஒரே அட்டவணையில் எழுதினால் கதை முடிந்தது.

எந்த எண் என்று கண்டுபிடிக்கும் வழி எளிது. 7.46 கிராம் பொட்டாசியம் குளோரைடை 1 லிட்டர் காய்ச்சி வடித்த நீரில் கரைத்து, அதில் 100 மி.லி. எடுத்து மறுபடி 1 லிட்டராக்குங்கள். 25 டிகிரியில் இதன் கடத்துதிறன் சென்டிமீட்டருக்கு 1413 மைக்ரோ சீமென்ஸ். பேனா 706 அருகே காட்டினால் உள்ளே 0.5, 990, 1000 அருகே காட்டினால் 0.7. எதுவாக இருந்தாலும் அறிக்கையில் எழுதுங்கள். எந்தக் கிணற்றுத் தண்ணீரை நீர்த்துச் சோதிக்க வேண்டும் என்று முன்கூட்டியே காட்டிக்கொடுப்பதுதான் நமக்குப் பேனாவின் உண்மையான பயன்.

டைட்ரேஷன்

வலிமை தெரிந்த கரைசலைச் சிறிது சிறிதாக விட்டு, எவ்வளவு செலவானது என்பதிலிருந்து உப்பைக் கணக்கிடுவதுதான் டைட்ரேஷன். நாம் செய்வது, மோர் (Mohr) என்ற வேதியியலாளரின் பெயரில் மோர் முறை என்று பாடத்தில் வரும். சில்வர் நைட்ரேட் முதலில் குளோரைடோடு சேர்ந்து வெண்ணிற வீழ்படிவாகும். குளோரைடு தீர்ந்த பிறகு விழும் சொட்டு குரோமேட்டோடு சேர்ந்து செங்கல் நிறம் காட்டும். அந்தக் கணம்தான் முடிவுநிலை.

காய்ச்சி வடித்த நீரிலிருந்து தொடங்குவோம். பேட்டரிக்கு ஊற்ற விற்கும் தண்ணீரை வாங்கி வருவார்கள். ஒரு சோதனைக்குழாயில் அதை எடுத்து இரண்டு சொட்டு சில்வர் நைட்ரேட் விட்டுக் கறுப்புத் தாளின் முன் பிடித்துப் பாருங்கள். அரிசி கழுவிய தண்ணீர் போல லேசாகக் கலங்கினாலும் அது உதவாது. கேன் தண்ணீர் இந்தச் சோதனையில் நிற்காது.

சில்வர் நைட்ரேட் 2.40 கிராம், 1 லிட்டரில். இதன் வலிமை 0.0141 நார்மல் அளவில் வரும். பழுப்புப் பாட்டிலில், அலமாரி இருட்டில் வைக்க வேண்டும். 15 கிணறு, கிணற்றுக்கு மூன்று டைட்ரேஷன், ஒன்றுக்குச் சராசரி 20 மி.லி. என்றால் 900 மி.லி. தரப்படுத்தலுக்கும் பழகுவதற்கும் சேர்த்து ஒரு சுற்றுக்கு ஒன்றரை லிட்டர், அதாவது 3.6 கிராம். விலை உயர்ந்த பொருள் என்பதால் ஆசிரியரிடம் இந்தக் கணக்கோடு போய்க் கேளுங்கள். "கொஞ்சம் வேணும் சார்" என்று கேட்டால் தயங்குவார்.

பள்ளித் தராசு 0.01 கிராம் வரைதான் காட்டும் என்பதால் எடுத்த எடையை நம்பி வலிமையை எழுதிவிடக் கூடாது. சோடியம் குளோரைடைக் கொண்டு தரப்படுத்த வேண்டும், அதாவது வலிமை தெரிந்த உப்புக் கரைசலோடு டைட்ரேஷன் செய்து உண்மையான வலிமையைக் கண்டறிய வேண்டும். ஒரு லிட்டருக்கு வேண்டிய 0.824 கிராமை நேராக நிறுத்தால் ஒரு சதவீதத்துக்கு மேல் பிழை வரலாம். 4.12 கிராம் நிறுத்து 500 மி.லி. ஆக்கி, அதில் 50 மி.லி. எடுத்து மீண்டும் 500 ஆக்குங்கள். பிழை கால் சதவீதத்துக்குள் அடங்கும், வலிமை 0.0141 நார்மல். வீட்டுச் சமையல் உப்பு வேண்டாம், அதில் அயோடினும் கட்டிபடாமல் இருக்கச் சேர்க்கும் பொருளும் இருக்கும். ஆய்வக உப்பையும் பீங்கான் கிண்ணத்தில் சூடாக்கி ஈரம் போக்கி, ஆறவிட்டு நிறுக்க வேண்டும். கடலூர்க் காற்றில் உப்பு நீர் கோக்க அரைமணி நேரம் போதும்.

நிறங்காட்டி 5 கிராம் பொட்டாசியம் குரோமேட், 100 மி.லி. நீரில். சிவப்பு வீழ்படிவு தெரியும் வரை சில்வர் நைட்ரேட் சொட்டு விட்டு, ஓர் இரவு வைத்து வடிகட்டினால் அதிலுள்ள குளோரைடு நீங்கிவிடும். இதை ஆசிரியர்தான் தயாரிக்க வேண்டும். குரோமேட் புற்றுநோய் உண்டாக்கும் நச்சு. தூள் மூக்கில் ஏறக் கூடாது. கையுறை, கண்ணாடி, வாயால் உறிஞ்சாமல் ரப்பர் பல்ப் போட்ட பிப்பெட். சில்வர் நைட்ரேட் விரலில் பட்டால் உடனே தெரியாது. மறுநாள் கறுக்கும், சில நாள் போகாது.

இனி வேலை. 50 மி.லி. தண்ணீரைக் கூம்புக் குடுவையில் எடுத்துப் பி.எச். தாளால் பாருங்கள். 7க்கும் 10க்கும் நடுவில் இருக்க வேண்டும். அமிலப் பக்கம் இருந்தால் குரோமேட் டைகுரோமேட்டாக மாறி முடிவுநிலை தள்ளிப் போகும், இல்லாத உப்பு இருப்பதாகக் காட்டும். ஒரு சிட்டிகை சோடியம் பைகார்பனேட் சேர்த்துச் சரிசெய்யலாம். 10க்கு மேல் போனால் வெள்ளியே ஆக்சைடாக இறங்கிவிடும். நிறங்காட்டி அரை மி.லி., சுமார் 10 சொட்டு. குடுவைக்கு அடியில் வெள்ளை ஓடு, ஜன்னல் பக்க வெளிச்சம். மஞ்சள் பல்பின் கீழே இந்த வேலை நடக்காது.

சில்வர் நைட்ரேட் விழ விழக் குடுவை மஞ்சள் போட்ட மோர் போலக் கலங்கும். சொட்டு விழுந்த இடத்தில் சிவப்பு தோன்றும், சுழற்றினால் மறையும். மறைய நேரம் எடுக்க ஆரம்பித்ததும் சொட்டுச் சொட்டாக விடுங்கள். எலுமிச்சை மஞ்சள் மாறி லேசான செம்மஞ்சள் சாயல் வந்து, அரை நிமிடம் சுழற்றியும் நின்றால் அதுதான் முடிவு. நன்றாகச் சிவக்கட்டும் என்று காத்திருந்தால் அரை மி.லி. கூடிப்போகும். கண் பழகுவதற்கு ஒரு வழி உண்டு: முடிந்த குடுவை ஒன்றில் இரண்டு சொட்டு உப்புக் கரைசல் விட்டு மறுபடி மஞ்சளாக்கிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், அந்த மஞ்சளிலிருந்து விலகும் முதல் கணத்தைக் கண் பிடித்துவிடும்.

வெற்றுச் சோதனையும் வேண்டும். 50 மி.லி. காய்ச்சி வடித்த நீரில் சிட்டிகை கால்சியம் கார்பனேட் போட்டுக் கலக்கி அதே போலச் செய்தால் 0.2, 0.3 மி.லி. வரும். ஒவ்வொரு அளவீட்டிலும் அதைக் கழிக்க வேண்டும். மூன்று அளவீடுகள் 0.1 மி.லி. வித்தியாசத்துக்குள் ஒத்துப்போகும் வரை திரும்பச் செய்யுங்கள்.

கணக்கு இப்படி. பியூரெட்டில் (கரைசலைச் சொட்டு விடும் அளவுக் குழாய்) செலவானது 23.4 மி.லி., வெற்றுச் சோதனை 0.2. மீதி 23.2. அதை 0.0141ஆலும் 35450ஆலும் பெருக்கி 50ஆல் வகுத்தால் லிட்டருக்கு 232 மி.கி. குளோரைடு. பியூரெட் 40 மி.லி. தாண்டும் என்று தோன்றினால், அதாவது 400 மி.கி.க்கு மேல், 10 மி.லி. தண்ணீரை 50ஆக நீர்த்து, விடையை 5ஆல் பெருக்குங்கள். டி.டி.எஸ். 700ஐத் தாண்டிய எல்லாவற்றையும் முதலிலேயே நீர்த்துவிட்டால் வெள்ளி வீணாகாது. தண்ணீரில் இரும்பு அதிகமாகி மஞ்சளாகக் கிடந்தால் முடிவுநிலை மறையும். காற்றுப்பட வைத்துத் தெளியவிட்டு, வடிகட்டிச் செய்யுங்கள். வடிகட்டியதைக் குறிப்பேட்டில் எழுத வேண்டும்.

கழிவைத் தொட்டியில் கொட்டாதீர்கள். குரோமேட் கலந்த அது சாக்கடை வழியாக, நாம் ஆராயும் அதே மண்ணுக்குத்தான் போகும். மூடியுள்ள பிளாஸ்டிக் கேனில் சேர்த்து, பெயரும் தேதியும் எழுதி ஆசிரியரிடம் ஒப்படையுங்கள். இதையும் படிவம் 3இல் எழுத வேண்டும். அபாயத்தைக் குறிப்பிட்டுவிட்டுக் கழிவை மறந்த படிவம் அரைகுறைப் படிவம்.

எண்களை வைத்து என்ன சொல்லலாம்?

குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் 10500 (2012) குளோரைடுக்கு ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 250 மி.கி. என்கிறது, வேறு நீராதாரம் இல்லாதபோது 1000 மி.கி. வரை அனுமதிக்கிறது. கடல்நீரில் சுமார் 19,000. இந்த மூன்று எண்களையும் வரைகோட்டில் அடையாளமாக வைத்துக்கொண்டால் உங்கள் புள்ளிகள் எங்கே நிற்கின்றன என்று பார்ப்பவருக்கே தெரியும்.

எங்கே உப்பு என்பதுதான் உங்கள் அளவீடு. ஏன் உப்பு என்பதை இது மட்டும் சொல்லாது. கழிவுநீர்த் தொட்டியும் குளோரைடு தரும். வீட்டு ஆர்.ஓ. இயந்திரம் தள்ளும் கழிவுநீர் தோட்டத்தில் இறங்கினாலும் தரும். இறால் குட்டையும் தரும், பழைய கடல் படிவும் தரும். முதுநகருக்குத் தெற்கே தண்ணீர் எடுத்தவர்கள் தொழிற்பேட்டையைக் காரணம் காட்டி ஒரு வரி எழுத ஆசைப்படுவார்கள். ஒரே ஒரு பொருளை அளந்துவிட்டு யார்மீதும் குற்றம் சாட்டக் கூடாது. நடுவர் முதலில் பிடிப்பது அந்த வரியைத்தான். "கேப்பர் மலைப் பக்கத்துக் கிணறுகளைவிட உப்பனாற்றின் ஓரக் கிணறுகளில் குளோரைடு இத்தனை மடங்கு அதிகம்" என்று எழுதினால் யாரும் அசைக்க முடியாது.

கருதுகோள் பொய்த்துப் போனால் மறைக்க வேண்டாம். கடலை ஒட்டிய மணல் ஊற்று இனிப்பாகவும், உள்ளே இருக்கும் போர் கரிப்பாகவும் வந்தால் ஆழத்தைப் பற்றிப் பேச அருமையான வாய்ப்பு அது.

குறிப்பேடு

நூலால் தைத்த லாங் சைஸ் நோட்டு. சுருள் கம்பி நோட்டு வேண்டாம், அதில் தாளைக் கிழித்தால் தெரியாது. முதல் நாளே எல்லாப் பக்கத்துக்கும் எண் போடுங்கள். பேனாவால்தான் எழுத வேண்டும். தப்பான எண்ணின் மேல் ஒரே கோடு; அடியில் இருப்பது படிக்கத் தெரிய வேண்டும். வெள்ளை மை கூடாது. பியூரெட் அளவைப் பார்த்த கணமே எழுத வேண்டும், துண்டுத்தாளில் குறித்துப் பிறகு ஏற்றக் கூடாது. சொட்டுக் கறை, மழையில் நனைந்த ஓரம் எல்லாம் இருக்கட்டும். அழகான கையெழுத்தில் மறுபடி எழுதிய குறிப்பேடு நடுவருக்குச் சந்தேகத்தையே தரும்.

சுருக்கம், பலகை, கோப்பு

சுருக்கம் 250 சொல்லுக்குள், எல்லாம் முடிந்த பிறகு எழுத வேண்டும். நோக்கம், செய்முறை, எண்ணோடு முடிவு, பொருள். நன்றியுரை அதில் வரக் கூடாது. வழிகாட்டி செய்த வேலையையும் உங்கள் வேலையாக எழுதக் கூடாது.

காட்சிப் பலகை ஐசெஃப் அளவில் 122 செ.மீ. அகலம், 76 செ.மீ. ஆழம், தரையிலிருந்து 274 செ.மீ. உயரத்துக்குள். நம் ஊர்க் கண்காட்சிகளில் மேசை அளவு வேறாக இருக்கும் என்பதால் கேட்டுவிட்டு ஃபிளெக்ஸ் அடியுங்கள். நடுவில் ஒரே ஒரு பெரிய வரைகோடு, இடப்பக்கம் கிணறுகள் குறித்த வரைபடம், வலப்பக்கம் முடிவு. ஒவ்வொரு படத்தின் அடியிலும் எடுத்தவர் யார் என்று எழுத வேண்டும். மாவட்டக் கண்காட்சியில் தண்ணீர் பாட்டில்களை வரிசையாக வைக்கலாம். ஐசெஃப் மேடையில் திரவம், மண், கண்ணாடி எதற்கும் இடமில்லை.

இன்ஸ்பயர் போலப் பணம் கணக்குக்கு வரும் போட்டிகளில் பெயர்ப் பொருத்தம் தலைவலி. பள்ளிப் பதிவேட்டில் முன்னெழுத்து முன்னால் இருக்கும், ஆதாரில் அப்பா பெயர் முழுதாகப் பின்னால் இருக்கும், வங்கிப் புத்தகத்தில் முன்னெழுத்தே இருக்காது. இணையத்தில் பதிவு செய்யும் முன் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒத்துப்போகாவிட்டால் எதைத் திருத்துவது என்று வகுப்பாசிரியரோடு பேசி, முதல் பருவத்திலேயே விண்ணப்பியுங்கள்; ஆதார் திருத்தத்துக்கு நாளாகும். எட்டாம் வகுப்பில் உதவித்தொகைக்காகத் திறந்த கணக்கு பயன்படாமல் முடங்கிக் கிடக்கலாம். வங்கிக்குப் போய் நூறு ரூபாய் போட்டுப் பார்த்தால் அன்றே தெரிந்துவிடும்.

கோப்பில் அடுக்கும் வரிசை: சுருக்கம், படிவம் 1, 1ஏ, ஆய்வுத் திட்டம், 1பி, 3, கிணற்றுச் சொந்தக்காரர் கடிதங்கள், பள்ளிச் சான்று, கடைசியாக அறிக்கை. மூலப்படிவம் ஒரு கோப்பிலும் நகல் இன்னொன்றிலும் இருக்கட்டும். கிளம்பும் முதல் நாள் இரவு ஒருவர் ஒவ்வொரு கையெழுத்தின் தேதியையும் வாசிக்க, இன்னொருவர் குறிப்பேட்டின் முதல் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒப்பிட வேண்டும். குறிப்பேடு கோப்புக்குள் போக வேண்டாம், மேசைமேல் நடுவரின் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும்.